நாயோடு கொடைக்கானலுக்கு: பையில் என்ன, எவ்வளவு, எந்தப் பக்கம்

நாயோடு வெளியூர் கிளம்பும் வீட்டில் முதலில் பைக்குள் போவது பொம்மை, மெத்தை, புது ஸ்வெட்டர். வழியில் தொல்லை வருவது இவை இல்லாததால் அல்ல. வயிறு கெடும், வெயில் அடிக்கும், கை நழுவி ஓடிவிடும், உடம்பில் உண்ணி ஏறும். நாயோடு போன பயணம் பாதியில் முறிந்தது என்றால் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான் காரணம். அதனால் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுக்கும்போது இது நான்கில் எதற்கு என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அது வீட்டிலேயே இருக்கட்டும்.

கணக்குச் சொல்ல ஒரு அளவுகோல் வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் சென்னையிலிருந்து கொடைக்கானலுக்குக் காரில் போய், மூன்று இரவு தங்கித் திரும்புகிற பயணத்துக்கு. 20 கிலோ எடையுள்ள, நோய் நொடி இல்லாத வளர்ந்த நாய்க்கு. ஒரு வழிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும், கடைசிப் பகுதி வத்தலக்குண்டைத் தாண்டிய மலைப்பாதை. காலையில் கொதிக்கும் சமவெளி, மாலையில் 2,100 மீட்டர் உயரத்துக் குளிர் என்று ஒரே நாளில் இரண்டையும் நாய் பார்க்கும். உங்கள் நாய் 10 கிலோ என்றால் சாப்பாட்டையும் தண்ணீரையும் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகக் கணக்கிடுங்கள். சின்ன நாய்கள் எடைக்கு எடை பார்த்தால் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிடும்.

தடுப்பூசித் தவணை முடியாத குட்டியைக் கூட்டிப்போகாதீர்கள். நெடுஞ்சாலை ஓட்டல்களின் பின்புறம் தெருநாய்கள் கூடும் இடம். பார்வோ என்ற குடல் நோய் வைரஸ் அந்த மண்ணிலேயே கிடக்கும், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் அங்கே திரியும் நாய்களிடமிருந்து தொற்றும்.

இரண்டு வாரத்துக்கு முன்

பை கட்டுவது கிளம்புவதற்கு முந்தின இரவு வேலை அல்ல. சிலவற்றுக்கு நாள் பிடிக்கும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி, டிஸ்டெம்பர்-பார்வோ கூட்டுத் தடுப்பூசி இரண்டும் காலாவதி ஆகாமல் இருக்கின்றனவா என்று தடுப்பூசிப் புத்தகத்தைப் பாருங்கள். தவணை பயண நாட்களுக்குள் விழுந்தால் முன்கூட்டியே போட்டுவிடலாம். ஊசி போட்ட மறுநாள் சில நாய்கள் காய்ச்சலாகச் சோர்ந்து படுக்கும், அதனால் கிளம்பும் முந்தின நாள் வேண்டாம்.

உண்ணி மருந்துக்கு வரிசை உண்டு. பிடரியில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து என்றால் விடுவதற்கு இரண்டு நாள் முன்பும் விட்ட இரண்டு நாள் பின்பும் குளிப்பாட்டக் கூடாது. தோலின் எண்ணெய்ப் பசையில்தான் அது பரவுகிறது. ஊருக்குப் போகிறோமே என்று கிளம்பும் காலையில் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுவது, கொடுத்த காசைத் தண்ணீரில் கழுவி விடுவதுதான். மாத்திரையில் ஃப்ளூராலேனர் மூன்று மாதத்துக்கும் அஃபாக்ஸோலேனர் ஒரு மாதத்துக்கும் தாங்கும். வலிப்பு வந்த நாய் என்றால் இந்த வகை மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் சொல்லிக் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும்.

வீட்டில் சோறு சாப்பிடும் நாயைப் பயணத்துக்காக உலர் தீவனத்துக்கு மாற்ற நினைத்தால் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு தீவனம், அடுத்த இரண்டு நாள் பாதி, அதற்கடுத்து முக்கால், பிறகு முழுக்க. ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு நிச்சயம், அதுவும் பின் இருக்கையில்.

இதே இரண்டு வாரத்தில் நாயைக் காரில் ஏற்றி அரை மணி, பிறகு ஒரு மணி என்று ஓட்டிப் பாருங்கள். எச்சில் ஒழுகுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, கொட்டாவி விடுவது ஆகியவை வாந்திக்கு முந்தைய அடையாளங்கள். இவை தென்பட்டால் மலைப்பாதையில் வாந்தி வரும். மாரோபிட்டன்ட் போன்ற பயண வாந்தி மாத்திரையை மருத்துவர் எடைக்குத் தக்கபடி எழுதித் தருவார். தூக்க மாத்திரை கேட்காதீர்கள். மயக்கம் தரும் மருந்துகள் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடம்பு தன் சூட்டைச் சமாளிக்கும் திறனையும் கெடுக்கும். பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அது உயிர் ஆபத்து.

சாப்பாடு: நாள் கணக்கு அல்ல, வேளைக் கணக்கு

உலர் தீவனம் சாப்பிடும் 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 250 முதல் 300 கிராம் ஆகும். பிராண்டுக்குப் பிராண்டு மாறுவதால் பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று இரவு என்றால் நான்கு நாள். மலையில் மழை பெய்து மரம் விழுந்து பாதை அடைபடுவது உண்டு, அதனால் இரண்டு நாள் கூடுதல். ஆறு நாளைக்கு 300 கிராம் வீதம் 1.8 கிலோ.

இதைப் பெரிய பாக்கெட்டோடு தூக்கிப் போகாமல் வேளைக்கு 150 கிராம் வீதம் பன்னிரண்டு சிறு டப்பாக்களிலோ துணிப் பைகளிலோ பிரித்து வையுங்கள். இதில் இரண்டு லாபம். குடும்பத்தில் யார் போட்டாலும் அளவு மாறாது. பிள்ளைகள் ஆளுக்கொரு கை போட்டு நாய்க்கு வயிறு வீங்குவது வெளியூரில்தான் நடக்கும். இரண்டாவது, மலைக்காற்றின் ஈரத்தில் திறந்த பாக்கெட் மறுநாளே நமத்துப் போகும். பிரித்து வைத்தால் மற்ற வேளைகள் தப்பிக்கும். பாக்கெட்டின் முன்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டால், தீர்ந்துபோனால் அதே வகையைக் கேட்டு வாங்கலாம்.

சோறு சாப்பிடும் நாயை மாற்றாமலும் போகலாம், கொஞ்சம் வேலை கூடும். பச்சரிசி ஒரு கிலோ, சின்ன பிரஷர் குக்கர், ஒரு மின் அடுப்பு. சாதாரணப் பாத்திரத்தை நம்பிப் போகாதீர்கள். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. வீட்டில் இருபது நிமிடத்தில் குழையும் சோறு அங்கே நெத்து நெத்தாக நிற்கும், அது நாயின் வயிற்றில் அப்படியே போய் அப்படியே வெளியே வரும். குக்கரில் இந்தச் சிக்கல் இல்லை. கோழியை ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம். தண்ணீரில் வேகவைத்து எலும்பை எடுத்துவிட்டுச் சோற்றோடு பிசைந்தால் போதும்.

தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு போவது நம் வழக்கம். மனிதருக்குச் சரி. நாய்க்கு என்று பிசைந்து எடுத்த தயிர்ச்சோறோ கோழிச்சோறோ சூடான காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்திருந்தால் கொட்டிவிடுங்கள். வழியில் ஒரு வேளைக்கு எளிய வழி அவித்த முட்டை. எந்தச் சாலையோரக் கடையிலும் கிடைக்கும், யாரும் அதில் மசாலா கலக்க முடியாது. ஓட்டலில் கோழி கேட்பதாக இருந்தால் "சும்மா வேகவைத்தது" என்று மட்டும் சொல்லாதீர்கள். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு, எண்ணெய் என்று ஐந்தையும் பெயர் சொல்லி வேண்டாம் என்க. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். விளைவு உடனே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும்.

கொடைக்கானலில் இன்னொரு ஆபத்து கடைத்தெரு முழுக்கத் தொங்குகிறது: வீட்டுத் தயாரிப்புச் சாக்லேட். அதில் உள்ள தியோப்ரோமின் நாய்க்கு நஞ்சு. 20 கிலோ நாய்க்குப் பால் சாக்லேட் 200 கிராம், கறுப்புச் சாக்லேட் 75 கிராம் அளவிலேயே வாந்தி, படபடப்பு, ஓயாத நடை என்று தொடங்கிவிடும். அதற்கு மேல் போனால் வலிப்பு. உலர்திராட்சை கலந்தது என்றால் இன்னும் மோசம், திராட்சை சிறுநீரகத்தைத் தாக்கும். ஊருக்கு வாங்கிய சாக்லேட் பொட்டலங்கள் காரில் நாய்க்கு எட்டாத டிக்கியில், மூடிய பெட்டிக்குள் போக வேண்டும். தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அந்த உப்பே ஆபத்து. எவ்வளவு தின்றது, எந்த வகை, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள்.

தண்ணீர்

நாய்க்கு எடையில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி ஒரு நாளைக்கு வேண்டும். 20 கிலோவுக்கு 1.2 லிட்டர் வரை. வெயிலில் பயணம் என்றால் 2 லிட்டர். வழியில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் கை கழுவ, துண்டை நனைக்க என்று சேர்த்தால் 5 லிட்டர் எடுத்துக்கொள்வது நல்லது. அதை எவர்சில்வர் கேனில் எடுங்கள். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியில் வண்டிக்குள் பார்ப்பார்கள். நாயின் தண்ணீர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

வீட்டுத் தண்ணீரையே முதல் நாள் முழுக்கக் கொடுங்கள். ஊர்த் தண்ணீரை இரண்டாம் நாள் கலந்து கொடுத்துப் பழக்கலாம். நிறுத்தும்போதெல்லாம் 100 முதல் 150 மில்லி போதும். தாகத்தில் ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்துவிட்டு அடுத்த பத்தாவது நிமிடம் கக்கும் நாய்கள் நிறைய. அகலமான, அடி கனத்த எவர்சில்வர் கிண்ணம் ஒன்றே தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் போதும். மடக்கும் ரப்பர் கிண்ணம் பார்க்க அழகு. ஆனால் நாய் மூக்கை வைத்ததும் சாய்ந்துவிடும்.

பெல்ட், சங்கிலி, பெயர்த்தகடு

இதில் கஞ்சத்தனம் கூடாது. வெளியூரில் தொலையும் நாய்க்குத் திரும்பி வர வழி தெரியாது.

நாய் வகையைப் பார்த்துப் பெல்ட் வாங்குங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குத் தலை குறுகல், கழுத்து அதைவிடப் பருமன். சாதாரணக் கழுத்துப்பட்டை எவ்வளவு இறுக்கினாலும் பின்னால் இழுத்தால் தலை வழியே உருவிக்கொள்ளும். இவற்றுக்கு இழுக்கும்போது அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை, அதோடு நெஞ்சையும் வயிற்றையும் சுற்றும் பாடி பெல்ட். வெள்ளை ராஜபாளையங்களில் பிறவியிலேயே காது கேளாதவை கணிசம். உங்கள் நாய் அப்படி என்றால் கூப்பிட்டும் பயனில்லை, ஹார்னும் அதற்குக் கேட்காது, வெளியே ஒரு நொடி கூடச் சங்கிலியைக் கழற்றக் கூடாது.

ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள நைலான் பட்டைச் சங்கிலி இரண்டு எடுங்கள், ஒன்று மாற்று. பொத்தானை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் வகை வேண்டாம். மலைப்பாதை ஓரத்தில் நாய் ஐந்து மீட்டர் முன்னால் போவது என்றால் பள்ளத்தில் ஐந்து மீட்டர். சங்கிலியின் கொக்கி பித்தளையா, துருப்பிடித்த இரும்பா என்று திறந்து மூடிப் பாருங்கள். அறுவது பெரும்பாலும் பட்டை அல்ல, கொக்கியின் ஸ்பிரிங்.

பெயர்த்தகட்டில் நாயின் பெயரைவிட போன் எண் முக்கியம். கூட வரும் இருவரின் எண்களைப் பொறியுங்கள். வீட்டில் இருப்பவர் எண்ணால் அங்கே பயன் இல்லை. மைக்ரோசிப் போட்டிருந்தால் அதன் 15 இலக்க எண்ணைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். முகம், இடப்பக்கம், வலப்பக்கம் என்று மூன்று புதிய படங்கள் எடுத்து வையுங்கள். ஒரு நாய் தொலைந்தால் முதல் அரை மணியில் கடைக்காரர்களிடம் காட்ட இவைதான் உதவும்.

காருக்குள் அடுக்குவது

நாய்க்கு இடம் பின் இருக்கை, அதுவும் டிரைவருக்குப் பின்னால் இல்லாமல் மறுபக்கம். முன் இருக்கையில் ஏர்பேக் விரிந்தால் அந்த அடியே கொல்லும். பாடி பெல்ட்டின் முதுகு வளையத்தை இருக்கை பெல்ட்டோடு குட்டைப் பட்டையால் இணையுங்கள். கழுத்துப்பட்டையில் ஒருபோதும் இணைக்காதீர்கள், பிரேக் போட்டால் கழுத்து முறியும். பட்டையின் நீளம், நாய் எழுந்து திரும்பிப் படுக்கும் அளவு மட்டும். கூண்டு என்றால் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளமும், நின்றால் தலை இடிக்காத உயரமும் வேண்டும். அதைவிடப் பெரிது வாங்கினால் வளைவில் நாய் அதற்குள்ளேயே உருளும்.

இருக்கைக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் கால் வைக்கும் பள்ளத்தில் துணிப் பையை அடைத்து இருக்கை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கொண்டை ஊசி வளைவில் நாய் சறுக்கி விழுவது அந்தப் பள்ளத்தில்தான். மேலே ரெக்சின் விரிப்பு, அதன் மேல் பழைய பருத்திப் போர்வை. ரெக்சின் மட்டும் போட்டால் வழுக்கும், போர்வை மட்டும் போட்டால் ஊறும். பின் கதவுகளில் குழந்தைப் பூட்டையும், கண்ணாடிப் பூட்டையும் போட்டு வையுங்கள். ஜன்னல் பொத்தானில் நாயே பாதத்தை வைத்துக் கண்ணாடியை இறக்கிக்கொள்ளும். சுங்கச்சாவடியில் கை நீட்டுகிறவரைப் பார்த்துக் குரைத்துப் பாயும் நாய்க்கு அந்தப் பக்கக் கண்ணாடி ஏறியே இருக்கட்டும்.

மொத்தச் சாமானை மூன்றாகப் பிரிக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது என்பதற்கு ஒரே விதி: காரை நிறுத்தாமல் எடுக்க வேண்டியது எது? தண்ணீர், கிண்ணம், சங்கிலி, இரண்டு துண்டு, பழைய செய்தித்தாள், ஈரத்துணி, வாந்திக்கு மூடி வைத்த வாளி ஆகியவை முன் சீட்டுக்காரர் காலடியில் ஒரு திறந்த பையில். மருந்துப் பெட்டி டிக்கியில் மேலாக, வேறு எதுவும் அதன் மேல் வராதபடி. அவசரத்தில் மூன்று சூட்கேஸைத் தூக்கிவிட்டுத் தேடும் பொருளாக அது இருக்கக் கூடாது. தீவனம், குக்கர், போர்வை, ஸ்வெட்டர் எல்லாம் அடியில். நாய்க்குப் பின்னால் டிக்கியில் அடுக்கிய சாமான் அதன் தலைக்கு மேல் எழும்பாமல் பாருங்கள். பிரேக்கில் குக்கர் பறந்து வரும்.

செய்தித்தாளுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. மலையில் இதைக் கறாராகப் பார்ப்பார்கள். நாய் மலத்தை அள்ளப் பழைய செய்தித்தாள் இரட்டையாக மடித்து முப்பது துண்டு வெட்டி ஒரு ரப்பர் பேண்டில் கட்டி வைத்தால் நான்கு நாளுக்குத் தாராளம். மூடியுள்ள ஒரு பழைய பெயிண்ட் வாளி அதைச் சேர்க்க. சோளமாவில் செய்த மக்கும் பைகளும் விற்கிறார்கள், ஆனால் அவற்றுக்கும் பிளாஸ்டிக்குக்கும் வித்தியாசம் சாவடியில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

மருந்துப் பெட்டி

தினமும் கொடுக்கும் மருந்து ஏதாவது இருந்தால் பயண நாட்களோடு மூன்று நாள் கூடுதலாக, டாக்டர் சீட்டோடு. அதற்கு மேல்:

டிஜிட்டல் வெப்பமானி ஒன்று, வாஸ்லின் சிறு டப்பா. நாய்க்கு ஆசனவாயில்தான் பார்க்க வேண்டும். இயல்பு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மனிதக் கணக்கில் அது காய்ச்சல். நாய்க்கு அதுதான் சரி.

உண்ணி பிடுங்கும் கொக்கி அல்லது முனை கூரிய இடுக்கி. தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் உண்ணியைத் தன் வயிற்றில் உள்ளதைக் கக்க வைக்கும். நோய்க்கிருமி அப்போதுதான் அதிகமாக உள்ளே போகும்.

100 மில்லி சலைன் பாட்டில், காயத்தையும் கண்ணையும் கழுவ. கிருமிநாசினியாகப் பொவிடோன் அயோடின். வெட்டிய காஸ் துணி பத்து, தன்மேலேயே ஒட்டும் கட்டுப்பட்டை இரண்டு சுருள், பிள்ளைகளின் பழைய காலுறை இரண்டு. கண்ணாடித் துண்டு குத்திய பாதத்தில் காஸ் வைத்துக் காலுறையை மாட்டி மேலே பட்டையைச் சுற்றுங்கள். இறுக்கிச் சுற்றினால் விரல் வீங்கும், உங்கள் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு இருக்கட்டும்.

ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச் இரண்டு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, ஒரு லிட்டருக்கு ஒன்று என்று கரைக்கும் சாதாரண வகை. சர்க்கரையில்லாதது என்று எழுதியவை வேண்டாம், சில இனிப்பூட்டிகள் நாய்க்கு நஞ்சு. குளியல் சோப்பு ஒரு கட்டி: தெருநாய் உங்கள் நாயைக் கடித்தாலோ உங்கள் நாய் யாரையாவது கடித்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவதுதான் முதல் சிகிச்சை. அதன் பிறகே மருத்துவமனை. தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் கடிபட்டால் மறுபடி ஊசி தேவைப்படும்.

வாய்ப்பூட்டு ஒன்று. சாதுவான நாயும் வலியில் கடிக்கும். வாந்தி எடுக்கும்போதும் மூச்சு வாங்கும்போதும் அதை மாட்டவே கூடாது.

பாராசிட்டமால், ஐபுப்ரூஃபென் போன்ற மனித வலி மாத்திரைகளை இந்தப் பெட்டியில் சேர்க்கவே வேண்டாம், தனிப் பையில் வையுங்கள். பாதி மாத்திரைதானே என்று கொடுத்து ஈரலையும் இரைப்பையையும் கெடுத்தவர்கள் நிறைய.

பெட்டி மூடியின் உட்புறத்தில் மூன்று எண்களை எழுதி ஒட்டுங்கள்: உங்கள் ஊர் மருத்துவர், கொடைக்கானல் கால்நடை மருந்தகம், வழியில் ஒரு பெரிய ஊரின் கால்நடை மருத்துவமனை. கிளம்புமுன் அழைத்து நாய்க்கு மருத்துவம் பார்க்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1962 என்ற அரசு எண் பெரும்பாலும் ஆடு மாடுகளுக்கான ஊர்தி; அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

மலைக்கென்று தனியாக

டிசம்பர், ஜனவரி இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். லேப்ரடாருக்கும் ஸ்பிட்ஸுக்கும் அது கொண்டாட்டம், ஸ்வெட்டர் வேண்டாம். கன்னி, சிப்பிப்பாறை வகைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு இல்லை, முடியும் கட்டை. அவற்றுக்கு நெஞ்சும் வயிறும் மூடும் ஒரு ஸ்வெட்டரும், தரையிலிருந்து குளிர் ஏறாமல் தடித்த சாக்கு அல்லது ரப்பர் பாயும் தேவை. மழையில் நனைந்தால் துடைக்கத் துண்டு இரண்டு போதாது, நான்கு எடுங்கள். அங்கே ஒரு துண்டு காய ஒன்றரை நாள் ஆகும்.

சிறு டார்ச் ஒன்று. இரவில் சிறுநீருக்கு வெளியே விடும்போது தனியாக விடாதீர்கள். கொடைக்கானலில் காட்டுமாடுகள் ஊருக்குள்ளேயே மேய்கின்றன. குரைக்கும் நாயைக் கண்டால் அவை ஓடுவதற்குப் பதில் திரும்பிப் பாயக்கூடும், நாய் உங்கள் பின்னால் வந்து ஒளியும். மலையோர விடுதிகளில் சிறுத்தைக்கு நாய் எளிய இரை. வராந்தாவில் கட்டிப்போட்டுத் தூங்குவது சமவெளிப் பழக்கம், அங்கே அறைக்குள்தான் படுக்க வேண்டும். சரணாலயம், தேசியப் பூங்கா எதற்குள்ளும் நாயோடு போக முடியாது. அன்று யார் நாயோடு இருப்பது என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். காருக்குள் விட்டுவிட்டுப் போவது கணக்கில் சேராது.

வால்பாறை, மேகமலைப் பக்கம் மழைக்காலத்தில் போவதாக இருந்தால் ஒரு சின்ன டப்பாவில் உப்பு. அட்டையைப் பிய்க்காமல் உப்புத் தண்ணீர் தொட்டு வைத்தால் தானாக விழும். மூக்கில் அட்டை ஏறிய நாய் ரத்தம் கலந்து தும்மிக்கொண்டே இருக்கும், அதை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

காகிதங்கள்: தடுப்பூசிப் புத்தகத்தின் அசல், இரண்டு நகல், மாநகராட்சி உரிமம் இருந்தால் அதன் நகல். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்கும் முறை 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது, அதையும் அச்செடுத்து இதே உறையில் வையுங்கள். தங்குமிடத்தில் நாய்க்கு அனுமதி உண்டு என்பதைப் போனில் கேட்டால் போதாது, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். அறைக்குள்ளா, வெளியே கூண்டிலா, தரைத்தளமா, அங்கே வேறு நாய்கள் உண்டா, கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று நான்கையும் கேளுங்கள். "நாய்க்கு அனுமதி உண்டு" என்பதற்குத் தோட்டக்காரர் அறைக்குப் பின்னால் கட்டலாம் என்று அர்த்தம் வைத்திருக்கும் விடுதிகள் இருக்கின்றன. கட்டிலில் விரிக்கப் பழைய போர்வை இரண்டு எடுத்துக்கொண்டால் கிளம்பும்போது சலவைக் கூலிச் சண்டை இருக்காது.

ரயிலில் போகிறவர்களுக்கு

பை சுருங்கும், காகிதம் கூடும். முதல் வகுப்பு ஏசியில் இரண்டு படுக்கை கூப்பேயோ நான்கு படுக்கை அறையோ முழுவதுமாக உங்கள் குழுவுக்குக் கிடைத்தால்தான் நாய் உங்களோடு வரலாம். இரண்டாம், மூன்றாம் ஏசி, ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் வளர்ந்த நாயை ஏற்ற முடியாது. கூப்பே கிடைப்பது சார்ட் தயாராகும்போதுதான் உறுதியாகும், முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள். பயணத்துக்கு ஓரிரு நாள் முன் வாங்கிய மருத்துவச் சான்று, தடுப்பூசி நகல், டிக்கெட், அடையாள அட்டை நகல் ஆகியவற்றோடு மூன்று மணி நேரம் முன்னதாகப் பார்சல் அலுவலகத்துக்குப் போய் நாய்க்குக் கட்டணம் கட்ட வேண்டும்.

இன்னொரு வழி கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டு. கோடையில் அதை நினைக்கவே வேண்டாம். இருட்டு, சூடு, சத்தம், தண்ணீர் கொடுக்க ஒவ்வொரு நிலையத்திலும் நீங்கள்தான் ஓட வேண்டும். கொடைக்கானலுக்கு இறங்க வேண்டிய கொடைரோடு நிலையத்தில் வண்டி நிற்பதே ஓரிரு நிமிடம். அதற்குள் பெட்டியைத் திறக்கச் சொல்லி, நாயை இறக்கி, சாமானையும் எடுப்பது நடக்கிற காரியமல்ல.

கிளம்பும் நாள்

அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்புவது என்றால் முந்தின இரவு எட்டு மணிக்கு வழக்கமான சாப்பாடு, காலையில் தண்ணீர் மட்டும். வாந்தி மாத்திரைக்கு வெறும் வயிறு ஒத்துவராவிட்டால் இரண்டு பிஸ்கட் அளவு தீவனம். திருச்சியை எட்டும் முன்பே நிறுத்தி வேளைச் சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு கொடுக்கலாம். மலை ஏறத் தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன் அதோடு நிறுத்திவிடுங்கள். மிச்சம் இரவு அறைக்குப் போன பின்.

இரண்டு மணிக்கொரு தடவை பத்து நிமிடம் இறக்குங்கள். கதவைத் திறக்கும் முன் சங்கிலி கையில் இருக்க வேண்டும். திறந்த பிறகு தேடுவதல்ல. ஓட்டல் வாசல் வேண்டாம். அங்கே கோழி எலும்பும் தெருநாய்க் கூட்டமும் சேர்ந்தே இருக்கும், வெந்த எலும்பு ஊசி போலப் பிளந்து குடலைக் குத்தும். அதைத் தாண்டி மர நிழலுள்ள இடம் பாருங்கள். பத்து மணிக்கு மேல் தார்ச் சாலையில் புறங்கையை ஏழு வினாடி வைத்துப் பாருங்கள், தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

நாயைக் காரில் விட்டுவிட்டு எல்லோரும் டிபன் சாப்பிடப் போகக் கூடாது. வெளியே 32 டிகிரி என்றால் நிறுத்திய கார் பத்து நிமிடத்தில் 42ஐத் தொடும், அரை மணியில் 50ஐத் தாண்டும். கண்ணாடியை நான்கு விரல் இறக்கிவிட்டாலும் பெரிதாக மாறாது. நாக்கு நீண்டு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, கால் தள்ளாடினால் அது வெப்ப அதிர்ச்சி. நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டை மேலே போர்த்தி விடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைக்கும். வெப்பமானியில் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி மருத்துவமனைக்கு ஓட்டுங்கள். தெளிந்தது போல எழுந்து நின்றாலும் போகத்தான் வேண்டும். உள்ளுறுப்பு பாதிப்பு மறுநாள்தான் தெரியும்.

மலைப்பாதையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வேண்டாம், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினால் வாந்தி குறையும். தலையை வெளியே நீட்ட விடாதீர்கள்.

திரும்பி வந்த பின்

அன்றிரவே காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், விரலிடுக்கில், வாலடியில் விளக்கு வெளிச்சத்தில் உண்ணி தேடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து பார்க்க வேண்டும், குட்டி உண்ணி முதல் நாள் கண்ணில் படாது. போர்வைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், இருக்கை இடுக்கை வாக்குவம் செய்யுங்கள். மலையிலிருந்து கிளம்பிய தேதியை நாட்காட்டியில் குறித்து, அதிலிருந்து மூன்று வாரம் வரை சோர்வு, சாப்பிட மறுப்பது, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், காபி நிறச் சிறுநீர் இவற்றில் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மருத்துவரிடம் மலைக்குப் போய்வந்ததைச் சொல்லி, உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.